மூச்சுத் திணறும் நோயாளி: உயர்நிலைச் செவிலியர் கல்வியில் ஒரு பாடம்

மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளிகளுள், மூச்சுத் திணறலுடன் வருபவரைப் போல் உடனடிக் கவனத்தைக் கோருபவர்கள் மிகச் சிலரே. உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் உயிர் தரிக்க இயலும். பிராணவாயு இன்றிச் சில நிமிடங்களே மூளை தாக்குப் பிடிக்கும். அச்சில நிமிடங்களில் நோயாளியின் அருகில் இருப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், செவிலியரே. நோயாளியின் நிலையை அவர் எவ்வாறு நோக்குகிறார், எதை எண்ணுகிறார், எதைச் சந்தேகிக்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அடுத்து நடப்பவை அமைகின்றன. இதனால்தான் முதுநிலைச் செவிலியர் படிப்பில் மூச்சுக் கோளாறுள்ள நோயாளியை ஆராய்தல் என்பது ஒரு தனித் திறனாகக் கற்பிக்கப்படுகிறது.

நம் நாட்டில் செவிலியர் கல்வி இந்நிலையை எட்டியது ஒரு தலைமுறைக்குள் நடந்ததன்று. 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, அந்நாளில் சுமார் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்ததைச் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. தில்லிக் கல்லூரி, பின்னாளில் ராஜகுமாரி அம்ருத் கௌர் பெயரைத் தாங்கியது. 1959இல் நாட்டின் முதல் முதுநிலைச் செவிலியர் படிப்பை அதுவே தொடங்கிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியச் செவிலியர் மன்றம், தீவிர சிகிச்சைத் துறையில் செவிலியர்ப் பயிற்சியாளருக்கான ஈராண்டு உறைவிட முதுநிலைப் படிப்புக்கு 2016இல் பாடத்திட்டம் வகுத்தது. உயர்நிலை உடல் பரிசோதனை, நோய்க்கூற்றியல், மருந்தியல் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

சட்டங்களும் பாடத்திட்டங்களும் ஒருபுறமிருக்க, நோயாளியின் கட்டிலருகே இக்கல்வி என்ன மாற்றத்தை விளைவிக்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது. அதற்கு, வகுப்பறையில் மாணவியர் முன் வைக்கப்படுவது போன்ற ஓர் எடுத்துக்காட்டு நோயாளியைக் கருதுவோம்.

எடுத்துக்காட்டு

கங்கைச் சமவெளியின் ஒரு கிராமத்தைச் சேர்ந்த 58 வயது மூதாட்டி. நள்ளிரவில் மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். நான்கு நாட்களாகக் காய்ச்சல், இருமல், சளி மஞ்சள் நிறத்தில் வெளிப்படுகிறது. முன்னோக்கிக் குனிந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி அமர்ந்திருக்கிறார். உதடுகளைக் குவித்து மூச்சு விடுகிறார். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச இயலவில்லை. கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சிலும் புடைக்கின்றன. "அம்மாவுக்கு ஆஸ்துமா, பல வருஷமாக உண்டு" என்கிறார் மகன். மூச்சு நிமிடத்துக்கு 32, நாடி 118, வெப்பம் 38.2 பாகை செல்சியஸ். விரல்நுனி ஆக்சிமீட்டர் காட்டும் பிராணவாயுச் செறிவு 81 விழுக்காடு.

தொடக்கநிலைப் பயிற்சி பெற்ற செவிலியர் இந்நேரத்தில் செய்வது, முகமூடி வழியே நிமிடத்துக்கு 10 லிட்டர் பிராணவாயு அளித்துவிட்டு மருத்துவரை அழைப்பதாகும். செறிவு சில நிமிடங்களில் 98 ஆக உயர்கிறது. அனைவரும் ஆறுதல் அடைகின்றனர். ஒரு மணி நேரம் கழித்து நோயாளி அமைதியாக உறங்குவது போல் தோன்றுகிறார். மூச்சு எண்ணிக்கை 18க்கு இறங்கியிருக்கிறது. தாளில் அது "இயல்பு" என்றே பதிவாகும். ஆனால் உயர்நிலைப் பயிற்சி பெற்றவர் இவ்விடத்தில்தான் திடுக்கிடுவார். களைத்துப்போன மூச்சுத் தசைகளுக்கும் மயக்கத்தில் ஆழும் மூளைக்கும் அடையாளமாக இந்த அமைதி இருக்கக்கூடும். நோயாளியைத் தட்டி எழுப்பி, கைகளை நீட்டச் சொல்லி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் செய்து பார்த்தால் கைகள் படபடவென்று அசைகின்றன. இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்துவிட்டது என்பதற்கு அது ஒரு குறி.

தமனி இரத்தத்தைச் சோதித்ததில் கிடைத்தவை: பி.எச். 7.22, கரியமில வாயு அழுத்தம் 78 மில்லிமீட்டர், பைகார்பனேட் 31. இம்மூன்று எண்களையும் படிப்பது எப்படி?

எண்களைப் படித்தல்

பி.எச். இயல்பாக 7.35 முதல் 7.45 வரை இருத்தல் வேண்டும். 7.22 எனில் இரத்தம் அமிலத் தன்மை அடைந்துள்ளது. கரியமில வாயு அழுத்தத்தின் இயல்பு 35 முதல் 45 வரை, இங்கே 78. எனவே அமிலத்தன்மைக்குக் காரணம் மூச்சே. இதுவரை இளநிலை மாணவியும் கூறிவிடுவார். அடுத்த வினாதான் முக்கியமானது: இந்த உயர்வு இன்று வந்ததா, பல ஆண்டுகளாக இருந்ததா?

கரியமில வாயு திடீரென உயர்ந்தால், ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் உயர்வுக்கும் பைகார்பனேட் சுமார் 1 அலகு மட்டுமே கூடும். உயர்வு பல நாட்கள் நீடித்தால் சிறுநீரகங்கள் ஈடுசெய்யத் தொடங்கி, ஒவ்வொரு 10க்கும் சுமார் 4 அலகு வரை கூட்டிவிடும். இந்நோயாளிக்குக் கரியமில வாயு இயல்பான 40ஐவிட 38 மிகுந்துள்ளது. திடீர் உயர்வு மட்டுமாயின் பைகார்பனேட் 24இலிருந்து ஏறத்தாழ 28 ஆகியிருக்கும். முற்றிலும் நாட்பட்டதாயின் 39ஐ எட்டியிருக்கும். கிடைத்திருப்பதோ 31, இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே நெடுநாளாக நோயிருந்து, அதன்மேல் இன்று ஒரு புதிய வீழ்ச்சி நேர்ந்துள்ளது என்று கொள்ளவேண்டும். மகன் கூறிய "ஆஸ்துமா" என்ற சொல்லில் இப்போது ஐயம் எழுகிறது. ஆஸ்துமா நோயாளிக்குத் தாக்குதல்களுக்கு இடைப்பட்ட நாட்களில் கரியமில வாயு பொதுவாக உயர்ந்திருப்பதில்லை. இது நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாக இருத்தலே கூடும். நோய் தணிந்தபின் மூச்சளவுச் சோதனை செய்து அதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். மூச்சை வேகமாக வெளிவிடும்போது முதல் வினாடியில் வெளியேறும் அளவு, மொத்த அளவில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பதும் மருந்துக்குப் பின்னும் அவ்வாறே நீடிப்பதும் அதன் அடையாளம்.

இங்கு, பிராணவாயு கொடுத்தபின் கரியமில வாயு ஏன் உயர்ந்தது என்ற கேள்வி எழும். இத்தகைய நோயாளிக்குப் பிராணவாயுக் குறைவே மூச்சைத் தூண்டுகிறது, அதை நீக்கினால் மூச்சு நின்றுவிடும் என்றே நீண்ட காலம் பாடநூல்கள் கூறிவந்தன. அது முழு உண்மையன்று. இதில் தூண்டுதல் குறைவதன் பங்கு சிறியதே. நுரையீரலில் காற்று செல்லாத பகுதிகளின் இரத்தக் குழாய்கள் இயல்பாகவே சுருங்கி, காற்றுள்ள பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. மிகையான பிராணவாயு இந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. இரத்தம் காற்றோட்டம் குன்றிய பகுதிகளுக்குப் பாய்ந்து, கரியமில வாயுவை வெளியேற்றாமலே திரும்புகிறது. மேலும், பிராணவாயு நிரம்பிய ஹீமோகுளோபின் கரியமில வாயுவைச் சுமக்கும் திறனைச் சிறிது இழக்கிறது. காரணம் எதுவாயினும் விளைவு உயிரைத் தொடுவது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் கொண்டுவரப்பட்ட 405 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், செறிவை 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிறுத்துமாறு அளந்து பிராணவாயு அளிக்கப்பட்டவர்களிடம் 4 விழுக்காட்டினரும், தாராளமாக அளிக்கப்பட்டவர்களிடம் 9 விழுக்காட்டினரும் இறந்தனர். ஒரே மருந்து, அளவு மட்டுமே வேறு.

பிராணவாயுவை மருந்து என்று கூறியது தற்செயலன்று. மற்ற மருந்துகளுக்கு அளவு, வழி, நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதாமல் எந்தச் செவிலியரும் கொடுக்கமாட்டார். பிராணவாயு மட்டும் பல வார்டுகளில் வாய்மொழியாகவே திறக்கப்படுகிறது, வாய்மொழியாகவே மூடப்படுகிறது.

தவறு புலப்பட்டவுடன் முகமூடியைக் கழற்றிவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதைச் சிறு கணக்கு ஒன்று விளக்கும். கடல்மட்டத்தில் வளி அழுத்தம் 760 மில்லிமீட்டர். அதில் நீராவியின் பங்கு 47. எஞ்சியதில் 21 விழுக்காடு பிராணவாயு. அதாவது சுமார் 150. இதிலிருந்து கரியமில வாயு அழுத்தத்தை 0.8ஆல் வகுத்துக் கழித்தால் நுரையீரல் நுண்ணறையிலுள்ள பிராணவாயு அழுத்தம் கிடைக்கும். நலமுள்ளவருக்குக் கரியமில வாயு 40. ஆகவே 150இலிருந்து 50 போக 100. நம் நோயாளிக்கோ 78. 150இலிருந்து 97 போக, எஞ்சுவது 52 அளவே. நுண்ணறையிலேயே 52 எனில் இரத்தத்தில் அதனினும் குறையும். உடலில் தேங்கிய கரியமில வாயு மெல்லத்தான் வெளியேறும். பிராணவாயுவின் இருப்போ நிமிடங்களில் தீர்ந்துவிடும். எனவே திடீரென நிறுத்துவது, கொடுத்த மிகையைவிடப் பெருங்கேடாக முடியலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்து, 1960இல் மோரன் கேம்பெல் அறிமுகப்படுத்திய வென்சுரி முகமூடி வழியாக 24 அல்லது 28 விழுக்காடு என்று அறுதியிட்ட அளவில் கொடுத்து, செறிவை 88 முதல் 92க்குள் நிறுத்துவதே முறை. அம்முகமூடி இல்லாத இடத்தில் மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டர். சாதாரண முகமூடியை 5 லிட்டருக்குக் குறைவாக வைத்தல் ஆகாது. வெளிவிட்ட மூச்சையே நோயாளி மீண்டும் இழுக்க நேரும்.

பி.எச். 7.35க்குக் கீழிறங்கி, கரியமில வாயுவும் உயர்ந்து நிற்குமாயின் குழாய் செருகாமல் முகமூடி வழியே ஈரழுத்தச் சுவாசத் துணை அளிப்பது பயன் தரும். மூச்சுக்குழாயை விரிவடையச் செய்யும் மருந்தும், ஸ்டீராய்டும், தொற்றுக்கான மருந்தும் மருத்துவர் ஆணைப்படி தொடங்கப்படும். நம் எடுத்துக்காட்டு நோயாளிக்கு இரண்டு மணி நேரத்தில் பி.எச். 7.31 ஆகவும் கரியமில வாயு 62 ஆகவும், மறுநாள் அவை 7.36, 55 ஆகவும் திரும்பின என்று கொள்வோம். 55 இயல்பன்று, ஆனால் இவருடைய பழைய நிலை அதுவே. 40க்குக் கொண்டுவர முயல்வது நோயாளிக்கு நன்மை செய்வதாகாது.

மூன்று முடிவுகள்

மருத்துவர் நோயைப் பெயரிடுகிறார். செவிலியர் நோயாளியின் இயலாமையைப் பெயரிடுகிறார். 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாட்டிலிருந்து வளர்ந்த செவிலியர் முடிவுகளின் பட்டியலில், மூச்சைப் பற்றிய மூன்று தலைப்புகளை மாணவியர் ஓயாது குழப்பிக்கொள்கின்றனர். மூச்சுப் பாதை தூய்மையாக இல்லை என்பது ஒன்று. மூச்சு விடும் முறை பயனற்றுள்ளது என்பது மற்றொன்று. வாயுப் பரிமாற்றம் குன்றியுள்ளது என்பது மூன்றாவது. மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டு, மூன்றுக்கும் "அரை அமர்வு நிலையில் படுக்க வைத்தல்" என்றே தீர்வெழுதும் பராமரிப்புத் திட்டங்கள் ஏராளம். தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம். நோயாளிக்குக் கிடைப்பது சொற்பம்.

சளி தொண்டையில் கரகரக்கிறது, இருமலுக்கு வலுவில்லை என்றால் முதல் முடிவு. அங்கே தேவை நீர்ச்சத்து, இருமச் செய்யும் பயிற்சி, சளி உறிஞ்சுதல். நெஞ்சில் ஒலி தெளிவாக இருந்தும் மூச்சு மேலோட்டமாகவும் தளர்ந்தும் இருந்தால் இரண்டாவது முடிவு. நம் நாட்டில் இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு கட்டுவிரியன் கடி. வயலருகே தரையில் உறங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறார், கடிவாய் கண்ணுக்கே புலப்படாது, இமைகள் தொங்குகின்றன, நுரையீரலில் யாதொரு ஒலிமாற்றமும் இல்லை. பிராணவாயுச் செறிவும் தொடக்கத்தில் இயல்பாகவே இருக்கும். இவரிடம் ஆக்சிமீட்டரை நம்பிக் காத்திருத்தல் தகாது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கேட்பது கருவி வேண்டாத சோதனை. ஒரு மணிக்கு முன் 30 வரை எண்ணியவர் இப்போது 12இல் நிறுத்தினால், மூச்சுப் பையும் முகமூடியும் கட்டிலருகே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நச்சுமுறி மருந்து தொடங்கியிருப்பினும் மூச்சைத் தாங்கிப் பிடிக்கும் கைகளே அவரைக் காப்பவை.

பூச்சிக்கொல்லி அருந்தியவரிடமோ இரண்டும் கலந்துவரும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, வாயில் நுரை பெருகி, நெஞ்சு முழுதும் ஈரமாய் ஒலிக்கும். தசைகளும் பின்னர்த் தளரும். காற்று பாதையும் திறந்திருந்து, தசையும் வலுவாயிருந்து, இரத்தத்தில் பிராணவாயு ஏறவில்லையெனில் மூன்றாவது முடிவு: நிமோனியா, நுரையீரலில் நீர் கோத்தல் முதலியன. சர்க்கரை நோய் முற்றி இரத்தம் அமிலமானவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவார். அவருக்கு நுரையீரலில் கோளாறே இல்லை என்பதை உணர்வதற்கும் இதே பகுப்பு உதவும். இளம் பெண் ஒருத்தி கருவுற்ற பின் மூச்சு வாங்குகிறது என்றால் ஈரிதழ் வால்வு குறுகியிருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். மூட்டுவாதக் காய்ச்சலால் வரும் இதய நோய் நம் நாட்டை விட்டு இன்னும் அகலவில்லை.

கருவியும் கண்ணும்

ஆக்சிமீட்டர், 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகியின் கண்டுபிடிப்பிலிருந்து தோன்றியது. 2021இல் கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது அது இந்திய இல்லங்களுக்குள்ளும் நுழைந்தது. அதன் பயன் பெரிது. அதன் எல்லைகள் பலருக்குத் தெரிவதில்லை. குளிர்ந்த விரல், மருதாணி, நகப்பூச்சு ஆகியவை அளவைக் கெடுக்கக்கூடும். கரிய தோலுடையவர்களிடம் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் நிகழ்வுகள் மிகுதி என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் மக்களைப் பொறுத்தவரை இது புறக்கணிக்கத்தக்கதன்று.

இரத்தசோகை மற்றொரு கண்ணி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். ஒவ்வொரு கிராம் ஹீமோகுளோபினும் சுமார் 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். செறிவு 95 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். 14 கிராம் உடையவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 18 மில்லிலிட்டர் பிராணவாயு இருக்கும். 7 கிராம் உடையவரிடம் 9 மட்டுமே. கருவி இருவருக்கும் 95 என்றே காட்டும். லடாக்கின் லே நகரில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், நலமாக இருப்பவரிடமே 90ஐ ஒட்டிய அளவு காணப்படும். அங்கே அது நோயன்று.

இவற்றினும் மலிவானதும் புறக்கணிக்கப்படுவதுமான அளவு, மூச்சு எண்ணிக்கை. நோயாளி நலிவடையத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அதுவே. நிமிடத்துக்கு 27ஐத் தாண்டிய மூச்சு, வார்டு நோயாளிகளிடம் இதய நிறுத்தத்தை முன்னறிவிக்கும் குறி என்று 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிரிட்டனில் 2012இல் வகுக்கப்பட்ட தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு எண்ணிக்கை முதலிடம் பெறுகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கரியமில வாயு தேங்கும் நோயாளிகளுக்கு 88 முதல் 92 என்ற தனி அளவுகோலும் சேர்க்கப்பட்டது. ஆனால் பல வார்டுகளின் பதிவுத்தாளில், கட்டிலுக்குக் கட்டில், வேளைக்கு வேளை, மூச்சு 20 என்றே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். இதைச் செவிலியரின் அசட்டை என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும் என்பது விதி. இரவுப் பணியில் 40 நோயாளிகளுக்கு ஒருவரே பொறுப்பெனில், மூச்சை எண்ணுவதற்கு மட்டும் 40 நிமிடங்கள் செல்லும். பணியிடங்களை நிர்ணயிக்கும் அலுவலர்கள் கவனத்தில் கொள்ளவேண்டிய கணக்கு இது.

எண்ணுதல் என்ற எளிய செயலுக்கு எத்துணை வலிமையுண்டு என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் காட்டியிருக்கிறது. அங்கு மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோர் கிராமப் பணியாளர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் குழந்தை நிமோனியாவைக் கண்டறிந்து மருந்தளிக்கப் பயிற்சி தந்தனர். நிமோனியாவால் நேர்ந்த குழந்தை மரணங்கள் குறைந்ததை அவர்களது ஆய்வு 1990இல் தெரிவித்தது. எழுத்தறிவில்லாதவர்களுக்காக, மணற்கடிகாரமும் மணிகளும் கொண்ட மூச்செண்ணி ஒன்றையும் உருவாக்கினர். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 40 என்ற எல்லைகள் இன்றும் களப்பணியாளர் கையேடுகளில் உள்ளவை.

அடுப்பும் கல்லுடைப்பும்

நம் எடுத்துக்காட்டு மூதாட்டி புகை பிடித்தவரல்லர். "புகைப்பழக்கம்: இல்லை" என்று வரலாற்றுத்தாளில் எழுதிவிட்டால் விசாரணை அத்துடன் முடிந்துவிடும். உயர்நிலை மாணவி கேட்கக் கற்றுக்கொள்ளும் அடுத்த கேள்வி: எதில் சமைக்கிறீர்கள்? எத்தனை ஆண்டுகளாக? சமையலிடத்துக்குச் சாளரம் உண்டா? பதினைந்து வயதிலிருந்து வறட்டியிலும் விறகிலும் சமைத்தவர், நாற்பதாண்டுகளுக்கு மேல் நாள்தோறும் சில மணி நேரம் புகையைச் சுவாசித்திருக்கிறார். இந்தியாவில் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாளிகள் 1990இல் 2.81 கோடியாக இருந்து 2016இல் 5.53 கோடியாக உயர்ந்ததாக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அதே 2016 மே மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா எரிவாயுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் 2019-21 ஆய்வில், தூய எரிபொருளில் சமைத்த குடும்பங்கள் சுமார் 59 விழுக்காடே, ஊரகங்களில் 43. இணைப்பு கிடைத்த வீட்டிலும் உருளையை மீண்டும் நிரப்பப் பணமில்லாதபோது விறகடுப்பு திரும்பிவிடுகிறது. எனவே "காஸ் இருக்கிறதா" என்று கேட்பது போதாது. கடந்த ஆண்டில் எத்தனை முறை நிரப்பினீர்கள் என்று கேட்கவேண்டும்.

தொழிலைக் கேட்பதும் அவ்வாறே. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் பலகைக் குச்சி செய்தவர்களும், குஜராத்தின் காம்பாத்தில் அகேட் மணிக்கற்களைத் தேய்ப்பவர்களும், ராஜஸ்தானத்தில் மணற்கல் வெட்டுபவர்களும் சிலிக்கா தூசியால் நுரையீரல் இறுகிப் போனவர்கள். இவர்களுக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். காசநோய் என்றே பல முறை மருந்துண்டு, தூசிநோய் கண்டறியப்படாமல் போவதும் உண்டு. ராஜஸ்தான் அரசு 2019இல் நுரையீரல் தூசிநோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அத்தகைய உதவியை நோயாளி பெறுவதற்குத் தேவையான முதல் ஆவணம், மருத்துவமனைத் தாளில் அவர் தொழில் குறிக்கப்பட்டிருப்பதே. "கூலி" என்று மட்டும் எழுதப்பட்ட தாளால் பயனில்லை. போபாலில் 1984 டிசம்பரில் வாயுக் கசிவுக்கு ஆளானவர்களுக்கு வசிப்பிடமும் அந்த இரவில் இருந்த இடமும் அதேபோல் முக்கியமாயின.

கற்றவர் அமரும் இடம்

மேற்கண்ட ஆராய்ச்சியை நிகழ்த்தவல்ல செவிலியரை உருவாக்க மாதிரி உருவப் பயிற்சி, கட்டிலருகே விவாதம், மேற்பார்வையுடன் கூடிய உறைவிடப் பணி ஆகியவை தேவை. 2021இல் அரசிதழில் வெளியான திருத்திய பட்டப்படிப்புப் பாடத்திட்டம், உடல்நிலை மதிப்பீட்டையும் மாதிரிப் பயிற்சியையும் இளநிலையிலேயே கொணர்ந்தது வரவேற்கத்தக்கது. கல்லூரியில் வாயு அறிக்கையைப் படிக்கக் கற்றவர், பணியில் சேர்ந்தபின் அவ்வறிக்கையைக் கோரவும் பிராணவாயுவின் அளவை வரையறுத்த எல்லைக்குள் மாற்றவும் எழுத்து வடிவிலான அதிகாரம் பெற்றிருக்கவேண்டும். செவிலியர்ப் பயிற்சியாளர் படிப்பை முடித்தோருக்கு எல்லா மாநிலங்களிலும் தனிப் பணியிடங்கள் உருவாகிவிடவில்லை. படிப்பை முடித்தவர் பழைய வார்டுக்கே, பழைய பதவிக்கே திரும்பும் நிலையும் உள்ளது. நள்ளிரவில் 98 என்ற எண்ணைக் கண்டு ஐயுற்றவர், முகமூடியை மாற்றுவதற்கு மருத்துவரின் வருகைக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அவர் கற்ற கல்வி அந்த ஒரு மணி நேரத்தில் செயலற்றுப் போகிறது. பெருஞ்செலவின்றி இதைச் சீர்செய்ய ஒரு வழியுண்டு. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும், பிராணவாயு பெறும் நோயாளியின் தாளில் குறிக்கோள் செறிவை மருத்துவர் முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்றும், அந்த எல்லைக்குள் கருவியையும் அளவையும் மாற்றும் பொறுப்பு பயிற்சி பெற்ற செவிலியருடையது என்றும் நிலையாணை பிறப்பிக்கலாம்.

மூதாட்டி வீடு திரும்பும் நாளில் செவிலியருக்கு மேலும் அரை மணி நேர வேலை இருக்கிறது. மூச்சிழுப்பு மருந்துக் கருவியை அவரே பயன்படுத்திக் காட்டச் சொல்லவேண்டும். கருவியை அழுத்தும் கணமும் மூச்சை இழுக்கும் கணமும் ஒன்றுபடாவிட்டால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இடைக்குழல் ஒன்றை இணைத்தால் இக்குறை நீங்கும். உதடு குவித்து மூச்சு விடும் முறையையும், சளியின் நிறம் மாறினால் எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்பதையும் மகனுக்கும் மருமகளுக்கும் கூறவேண்டும். "இந்நோயாளிக்குப் பிராணவாயுக் குறிக்கோள் 88 முதல் 92" என்று எழுதிய சீட்டொன்று அவர் கையில் இருக்கவேண்டும். அடுத்த முறை அவரை ஏற்றிவரும் ஆம்புலன்ஸ் பணியாளர் முதலில் பார்க்கவேண்டியது அதுவே. இனி அடுப்பின் முன் அமரப்போவது மருமகள். அவருடைய மூச்சையும் ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்வது நன்று.